அக்கா லாரியில் அனுப்பிய குழந்தைச் சாமான்கள்

பாக்கார் ஆராங்,
சுங்கைப்பட்டாணி.

மதிப்பும் பாசமும் நிறைந்த அக்கா புஷ்பவள்ளி அவர்களுக்கு, தம்பி தயாளன் வணங்கி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அன்பரசியும் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ குடும்பக் குழுவில் போட்டுவிடுவாய், அதனால்தான் தபால்.

உன் பிள்ளைகள் வளர்ந்த சாமான்களை அலோர் ஸ்டாரிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய மச்சான், "புதுசு எதுக்குலா, எல்லாம் நல்ல பொருளு" என்றார். நாங்களும் நெகிழ்ந்து போனோம். மறுவாரம் தள்ளுவண்டியில் பாப்பாவை வைத்துக்கொண்டு பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனோம். பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு அப்பம் வாங்கத் திரும்பினேன், அவ்வளவுதான், வண்டி தானாகவே சரிவில் இறங்கி மோட்டார் சைக்கிள்கள் வரும் பக்கமாக ஓடுகிறது, அன்பரசி அலறுகிறாள், நான் அப்பத்தோடு ஓடுகிறேன், நல்லவேளையாக மீன் விற்கும் மலாய்க்கார அம்மா காலை நீட்டி நிறுத்தி, "பிரேக் ரோசாக் லா, டெக்!" என்று, பிரேக் கெட்டுக் கிடப்பதைச் சொல்லி என்னைத் திட்டினார். பாப்பா சிரித்தாள். நான் அப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். உனக்குப் போன் செய்தால், "மூணு பிள்ளையும் அதுலதானே வளந்துச்சு, சும்மா பயப்படாதலா" என்றாய்.

சரி, தொட்டிலாவது கெட்டி மரம் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்பரசி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். போய்ப் பார்த்தால், பாப்பாவின் காலும் உடம்பும் தொட்டில் சட்டங்களின் இடுக்கு வழியாக வெளியே தொங்குகின்றன, தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அழக்கூட முடியவில்லை அக்கா அவளால். மருதம்மாள் அக்கா உடம்பைத் தாங்கிப் பிடிக்க, நான் அந்தச் சட்டத்தை உதைத்து உடைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

உடனே காரில் கிளினிக்குக்கு ஓடினோம். நர்ஸ் வாசுகி பாப்பாவைச் சோதித்துவிட்டு, "ஒண்ணும் ஆகல, சாமி காப்பாத்திட்டாரு" என்றார். வழியனுப்ப வந்தவர், காரில் மாட்டியிருந்த நீ அனுப்பிய குழந்தை இருக்கையைத் தட்டிப் பார்த்து, "அண்ணே, இது எங்கயாச்சும் எக்சிடன்ல மாட்டுச்சா?" என்று கேட்டார். மச்சான் குரூண் ஊர்ப் பக்கம் ஒரு லாரியின் பின்னால் காரை இடித்தபோது உன் கடைசிப் பையன் இதில்தானே இருந்தான்! துணியை விலக்கினால், அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். "ஒரு தடவ இடி வாங்குன சீட்டு மறுதடவ தாங்காதுண்ணே" என்றார். நான் வீடு வரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன், பின்னால் ஊரே ஹார்ன் அடித்தது.

உன் பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள் அக்கா, சாமான்களுக்குத்தான் வயதாகிவிட்டது. வேறு யாரும் எடுத்துக்கொண்டு போகாதபடி எல்லாவற்றையும் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இனி எவர் வீட்டுப் பழைய பொருளும் என் வாசலை மிதிக்காது, இது சத்தியம். மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அன்புத் தம்பி,
தயாளன்

பி.கு.: தரையில் விரித்த மெத்தையில் பாப்பா கண்ணை மூட மாட்டேன் என்கிறாள், நாங்களும் தூங்கி நாளாகிறது. "அண்ணிகிட்ட பழைய ஸ்பிரிங் ஏணை இருக்கான்னு கேளுங்க" என்று அன்பரசி பக்கத்தில் நின்று அழுகிறாள். அந்தத் துணித் தொட்டிலும் அதைத் தொங்கவிடும் ஸ்பிரிங்கும் இருந்தால் உடனே மச்சானிடம் கொடுத்தனுப்பு. துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நான் தேய்த்துக்கொள்கிறேன்.