ஓடும் நிலையில்

மோட்டார் சைக்கிளின் சைடுகாருக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை எழுப்பலாமா கூடாதா என்பதில்தான் முதல் தகராறு வந்தது.

"அடுத்த புதன்கிழமை குஞ்சு பொரிச்சிரும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க" என்றாள் அற்புதமணி.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வண்டி மைதானத்துல நிக்கணும். சர்க்காரு கோழிக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் அவள் புருஷன் கிருபாநிதி.

அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. நாசரேத்தில் படித்த மிஷன் பள்ளி ஆங்கிலத்தை இருபது வருஷமாகத் துவைத்துத் துவைத்து உடுத்திக்கொண்டிருப்பவர். தாசில்தார் ஆபீசிலிருந்து வந்த அச்சுத்தாள் அவர் கையில் இருந்தது. ஓடும் நிலையில் மோட்டார் வாகனம் வைத்திருப்பவர்கள் திங்கள் காலை கடற்கரை மைதானத்தில் ராணுவ அதிகாரியிடம் அதைக் காட்ட வேண்டும். எதற்கு என்று அதில் இல்லை.

கிருபாநிதிக்கு அது தேவைப்படவும் இல்லை. வருஷம் 1942. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டான். அடுத்தது தூத்துக்குடிதான். விமானம் வந்தால் விசில் ஊதி ஜனங்களை ஒளிய வைக்க ஏ.ஆர்.பி. வார்டன்கள் வேண்டும். அவர்களுக்குத் தலைமை வார்டன் ஒருவர் வேண்டும். தலைமை வார்டன் நடந்தா போவார்? அதற்குத்தான் வண்டி வைத்திருக்கும் ஆளாகத் தேடுகிறார்கள்.

"என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம்லா?" என்றாள் அற்புதமணி.

"ஏளா, பெரிய காரியத்தையெல்லாம் சர்க்காரு வெளிய சொல்லாது."

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. வண்டி, சீமைக்குத் திரும்பிய மிஷன் துரையிடம் அவளுடைய அப்பா வாங்கிக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. பத்து வருஷத்தில் நான்கு தடவை ஓடியிருக்கிறது. அதில் இரண்டு தடவை சரிவில். அப்பா ஞாபகமாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்பதால் அவள் தினமும் அதைத் துடைப்பாள்.

கோழி பனையோலைக் கடகப்பெட்டிக்கு மாற்றப்பட்டது. துறைமுகத்து லாஞ்சுகளுக்கு ஃபிட்டராக இருந்த மந்திரமூர்த்தி வரவழைக்கப்பட்டார். தண்ணீரில் ஓடுவது, தரையில் ஓடுவது என்ற பேதம் பார்க்காதவர் அவர். வண்டியைச் சுற்றி வந்து துருவைச் சுரண்டிப் பார்த்தார்.

"உப்புக்காத்துக்கு வள்ளத்துக்கு என்ன பூசுதோம்? சுறா எண்ணெய். இதுக்கும் அதான் ஐயா."

வியாழக்கிழமை பூசினார்கள். வண்டி கண்ணாடி போலப் பளபளத்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது அதைச் சுற்றிப் பதினோரு பூனைகள் உட்கார்ந்திருந்தன. கோழி கடகத்தோடு அடுப்படிக்குக் குடிபோனது.

நாற்றத்தோடு ராணுவ அதிகாரி முன்னால் நிற்க முடியாது என்று கிருபாநிதி வண்டிக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினார். நாற்றம் போகவில்லை. பொறி போய்விட்டது. பொறி கொடுக்கிற மாக்னெட்டோவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார் மந்திரமூர்த்தி. அதைக் கழற்றி, தெரிந்த ரொட்டிக்கடையில் அடுப்பின் மேல் ஒரு பொழுது காய வைத்துக் கொண்டுவந்தார். மாட்டிவிட்டு வயரைத் தொட்டவர் இரண்டடி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

"பொறி நல்லாருக்கு" என்றார் உட்கார்ந்தபடியே.

ஆனால் மாட்டியதில் பல்சக்கரம் ஒரு பல் தள்ளிவிட்டது. கிருபாநிதி வண்டியை உதைத்தார். வண்டி அவரைத் திருப்பி உதைத்தது. சாயங்காலம் நொண்டிக்கொண்டே போய்ப் போதகரைப் பார்த்து, தமக்குக் கிடைக்கவிருக்கும் பெரும் பொறுப்புக்காக ஞாயிறு ஆராதனையில் விண்ணப்பம் செய்யும்படி கேட்டுக்கொண்டார். இனிப் பின்வாங்க வழியில்லை.

சனிக்கிழமை பின்சக்கரத்தின் டியூப் வெடித்தது. சண்டைக் காலத்தில் டியூபுக்கு எங்கே போவது? கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்த பனந்தும்பு நாரில் ஒரு கட்டு எடுத்துவந்து டயருக்குள் திணித்தார்கள். தும்பு ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்ள, தள்ளிப் பார்த்தால் வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கும்பிடு போட்டது.

ஹாரனுக்கு வாய் இல்லை. மந்திரமூர்த்தி வலம்புரிக்கு எந்தக் குறைச்சலும் இல்லாத பெரிய சங்காகப் பார்த்து, துளை போட்டு ரப்பர்க் குமிழில் பொருத்தினார். கிருபாநிதி ஒரு தடவை அமுக்கினார். கால்மணி நேரத்தில் தெருக்காரர்கள் தோளில் துண்டோடு வாசலில் கூடிவிட்டார்கள். எப்போ எடுக்கிறீர்கள் என்று ஒருவர் அடக்கமாக விசாரித்தார்.

"ஜனங்க ஒளியதுக்குல்லா சத்தம் குடுக்கணும். இது கூட்டம்லா கூட்டுது" என்றாள் அற்புதமணி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வேண்டாங்க. வண்டி ஓடலைன்னு எழுதிக் குடுத்திருங்க."

"சபையே முழங்கால் போடப் போகுது. ஓடலைன்னா நான் அந்தக் கோயில் படி எப்படி ஏறுவேன்?"

ஞாயிறன்று சபை முழங்காலிட்டது. திங்களன்று, புதிதாகத் தைத்த காக்கிச் சட்டையும் தொப்பியுமாகக் கிருபாநிதி முன்னால் நடக்க, மந்திரமூர்த்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பூனைகள் பாதி தூரம் வழியனுப்பின.

மைதானத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் கதி கிருபாநிதிக்கே பாவமாக இருந்தது. உப்பளத்து முதலாளியின் காரை இரண்டு காளைகள் இழுத்து வந்திருந்தன. டாக்டரின் மோட்டார் சைக்கிளை நாற்பது உதை உதைத்தும் அது இருமக்கூட இல்லை. பஸ் முதலாளியின் பஸ் மைதானத்துக்கு நடுவில் கியர்பெட்டியைக் கீழே போட்டது. வெள்ளைக்கார அதிகாரி ஒவ்வொன்றாகப் பெயரை அடித்துக்கொண்டே வந்தார். இவ்வளவு அவமானத்திலும் அவர்கள் முகம் வாடவில்லை. பெரிய மனிதர்களுக்கு உள்ள பக்குவம் என்று கிருபாநிதி நினைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது. உதைத்தார். ஒன்றுமில்லை. ஏழாவது உதையில் தொப்பி விழுந்தது. அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "நோ குட்" என்று பென்சிலைத் தூக்கினார்.

"ஒரே ஒரு நிமிஷம் சார், ப்ளீஸ்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார் கிருபாநிதி. டாக்டர் பின்னாலிருந்து அவருடைய சட்டையை இழுத்தார். பொறாமை என்று கிருபாநிதி கையைத் தட்டிவிட்டார். மந்திரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரைக்கு வள்ளம் ஏற்றுவது போல வண்டியைத் தள்ளினார். பத்து கஜம், இருபது கஜம். ஒரு வெடி. ஒரு புகைமண்டலம். புகைக்குள்ளிருந்து கிருபாநிதி கும்பிட்டுக் கும்பிட்டு வெளிவந்தார்.

ஓடியது. பிரேக்கிலும் சுறா எண்ணெய் இருந்ததால் மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, பஸ்ஸில் முட்டித்தான் நின்றது. அதிகாரி கைதட்டினார். பெட்ரோல் டாங்கியில் சாக்கட்டியால் ஒரு நம்பர் எழுதி, ஒரு தாளை நீட்டினார். படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிய கிருபாநிதி, முழுப்பெயரையும் உத்தியோகத்தையும் போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு வார்டன் கைப்பட்டையைக் கட்டிவிட வசதியாக வலது கையை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார்.

தாசில்தார் ஆபீஸ் சேவகன் பால்துரை வந்தான். தூக்கிய கையில் ஒரு சிவப்பு ரசீதை வைத்தான். வண்டியைச் சிப்பாய்களிடம் தள்ளிவிட்டு, காரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய காளைகளையும் கிருபாநிதியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பட்டாளத்துக்காரன் எடுத்துருவான்னு எல்லாரும் ஓடுத வண்டியைக் கெடுத்துல்லா கொண்டாந்திருக்காவ, நீங்க ஒருத்தருதான் ஐயா, ஓடாத வண்டியை ஓட வச்சுக் குடுத்துட்டு நடந்து போறீங்க."