ஊட்ல எல்லாருக்கும் நார்மல்

உடம்பில் ஒரு நோயும் இல்லாமல், டாக்டரைப் பார்க்க இத்தனை ஆசையாக வந்த மனுஷன் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கூட அப்படிக் குளித்து, திருநீறு பூசி, மடித்த சட்டை போட்டுக்கொண்டு போகமாட்டார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேஜையில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். வலி தாங்காமல் வந்தவர்கள், லீவு லெட்டருக்காக வலியைக் கொண்டு வந்தவர்கள், ஃபேன் காற்றுக்கு வந்தவர்கள் என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. சாம்பிள் அண்ணன் தனி ரகம்.

அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் முழங்கை வரைக்கும் ஏறியிருக்கும் நிறத்தைப் பார்த்தே இந்த வாரம் எந்த நிறப் புடவை தறிக்குப் போகிறது என்று தெரு சொல்லிவிடும். கையுறை போடக் கூடாதா என்று கேட்டால், உறை போட்டால் நூல் தன்னோடு பேசாது என்பார். சாயம் போட்டு முடித்ததும் ஒரே ஒரு இழையை அறுத்து, கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் முக்கி, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துவார். துணியில் கறை ஒட்டவில்லை என்றால் மொத்த நூலும் தேறியது. இதைச் சாம்பிள் பார்ப்பது என்பார்கள். தொழிலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனுஷன் எல்லாவற்றுக்கும் சாம்பிள் பார்த்தார். ஓட்டலில் ஒரு இட்லியைக் கிள்ளிப் பார்த்துவிட்டு மொத்தக் கடையையும் நிராகரித்தார். பெண்ணுக்கு ஐயம்பேட்டையில் மாப்பிள்ளை பேசப் போனபோது பையன் வேலைக்குப் போயிருந்தான். அவன் அண்ணன் மட்டும்தான் வீட்டில் இருந்தான். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாம்பூலம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கல்யாணம் நன்றாகவே அமைந்தது என்பதுதான் பிற்பாடு வந்த வினைக்கெல்லாம் காரணம்.

டாக்டரம்மா ஊருக்குப் புதிதாக வந்த சமயம். கிளினிக் ஜன்னல் திரை வெளுத்துவிட்டதே, சாயம் ஏற்றித் தரட்டுமா என்று கேட்கத்தான் அண்ணன் முதன்முதலில் உள்ளே வந்தார். அன்று மயில்கழுத்து நிறம் போட்டிருந்தார். நகமெல்லாம் நீலம். டாக்டரம்மா பதறிப்போய் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். நகத்துச் சாயத்தில் அதுவும் குழம்பி ஏதோ பயங்கரமான எண்ணைக் காட்டியது. அடுத்த நிமிஷம் அண்ணன் கட்டிலில், மூக்கில் குழாய். நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் கண்ணை மூடியபடி, காற்று ஜில்லென்று இருக்கிறது, தினமும் வந்தால் வைப்பீர்களா என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா புதன்கிழமைத் திட்டத்தை ஆரம்பித்தார். நாற்பது தாண்டியவர்கள் நோய் இல்லாதபோதே வந்து பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்ளலாம், பைசா வேண்டாம். நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தோம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்களுக்கு அதில் எழுதியிருந்தது புரியவில்லை. கடைசியில் கடலை வண்டிக்காரருக்குப் பொட்டலம் மடிக்க உதவியது. நோவு இல்லாதவன் எதற்கு டாக்டரிடம் போகவேண்டும், தேடிப்போனால் இல்லாததும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று தெருவே ஒரே பேச்சு.

வந்தவர் சாம்பிள் அண்ணன் மட்டும்தான். ஒரு புதன் விடாமல் வந்தார். பிரஷர் பட்டையில் காற்று ஏறும்போது சாமி முன்னால் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுங்கள் என்றால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடப்பார். எல்லாம் நார்மல் என்று டாக்டரம்மா சொன்னதும் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அப்போ ஊட்ல எல்லாருக்கும் நார்மல்?"

டாக்டரம்மா சிரிப்பார். வீட்டில் மற்றவர்களுக்கும் பார்க்கவேண்டும் என்பார். அதெல்லாம் பார்த்தாச்சும்மா என்பார் அண்ணன். வேறு எங்கோ காட்டியிருக்கிறார்கள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொள்வார். அண்ணன் வெளியே போய், தேர் கிளம்பிய சேதியைச் சொல்கிற மாதிரி, தெருமுனை வரைக்கும் தன் சுகரைச் சொல்லிக்கொண்டே போவார்.

வீட்டில் எல்லாரும் என்றால் அவரும் அவர் மனைவி சரோஜா அக்காவும்தான். மகள்தான் ஐயம்பேட்டைக்குப் போய்விட்டாளே. அக்கா தறி நெய்கிறவர். குழியில் காலை விட்டு மிதிக்கட்டையை மிதித்தபடி உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். தெருவில் என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு கல்யாண சீசனில், புதன் அல்லாத ஒரு நாள், அண்ணன் அக்காவை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். காலில் ஏதோ நாற்றம் வருகிறது என்றார். கை இரண்டும் அரக்குச் சிவப்பு. அக்காவின் இடது காலில் சுற்றியிருந்த துணியை டாக்டரம்மா பிரித்தார். மிதிக்கட்டையிலிருந்து பெயர்ந்த மரச் சிலாம்பு ஒன்று பாதத்தில் ஏறி உள்ளேயே இருந்தது. விரல்கள் கருத்திருந்தன.

டாக்டரம்மா அக்காவைக் கூரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பாதத்தைத் தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். பேனா முனையால் இங்கே, அங்கே, குதிகாலில், நடுவில் என்று அழுத்திக்கொண்டே போனார். அக்கா கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"இன்னும் தொடலியாம்மா?" என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, கடைசியாக சுகர் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"போன புதங்கெழமகூட பார்த்தாச்சேம்மா. நீங்கதான நார்மல்னு சொன்னீங்க."

"அது உங்க வீட்டுக்காரருக்கும்மா."

"அதாம்மா. அவரு பட்டினியா வந்தாரு இல்ல, நானும் பச்சத் தண்ணி குடிக்காம கெடந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கொழம்பு. தனியா வேற எதுக்குப் பார்த்துக்கினு?" சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பட்டினியில் எரிச்சலாகி இவரைத் திட்டியதையும் சொன்னார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு மனுஷன் முகம் அப்படி மாறுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அக்காவின் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெஷினில் வைத்தால், அது எண்ணே காட்டவில்லை. அளவைத் தாண்டிப் போய்விட்டது என்றார் டாக்டரம்மா.

ஆட்டோ வரும்வரை அண்ணன் என் மேஜை பக்கத்தில் நின்றார். யாரும் கேட்காமலே பேசினார்.

"தரையெல்லாம் செவப்பா தெரிஞ்சுதும்மா. என் கால்ல ஒட்டிக்கினு வந்த அரக்குச் சாயம்னு நெனச்சேன். நானேதான் தொடச்சேன். தெனம் தொடச்சேன்."

இருட்டில்கூட இந்தச் சிவப்பு வேறு, அந்தச் சிவப்பு வேறு என்று பிரித்துச் சொல்லக்கூடிய மனுஷன் அவர். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பியவர் தறிப் பக்கம் முகம் திருப்பாமல் படுத்திருந்தார். அண்ணன் சமைத்தார், புண் கழுவினார், மாத்திரை கொடுத்தார். நடுவில் கிடைத்த நேரத்தில் தெருவைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலையில் அவர் தலை தெரிந்தாலே கதவுகள் சாத்திக்கொண்டன. தாழ்ப்பாள் போட்ட வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களின் வயசை உரக்கச் சொல்வார். பெண்கள் மானம் போகிறதே என்று திறந்துவிடுவார்கள். எதிர்வீட்டு நெசவாளி ஒருவர் தறிக் குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டார். அண்ணன் குழி விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேலே வந்தால் பிரஷர், வராவிட்டால் டாக்டரம்மாவையே குழிக்குள் இறக்குவேன் என்றார். மத்தியானம் அந்த ஆள் மேலே வந்தார். அவருடைய பிரஷரைப் பார்த்து டாக்டரம்மாவே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றுவரை அந்த மனுஷன் மாத்திரை சாப்பிடுகிறார், அண்ணனைத் திட்டிக்கொண்டே.

புருஷனுக்குப் பார்த்தாச்சு என்று ஒரு அம்மா சொல்லிவிட்டால் போதும், அண்ணனுக்குக் கண் சிவந்துவிடும். "நீ வேற நூலு, அவரு வேற நூலும்மா. வா." ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போய் மகளையும், மாப்பிள்ளையையும், அன்றைக்குச் சாம்பிளாக நின்ற அவன் அண்ணனையும் சேர்த்து இழுத்து வந்தார். என்னையும் விடவில்லை. டோக்கன் போடுகிறவளுக்கு யார் பார்ப்பது என்று கேட்டு, என் கையைப் பிடித்துப் பட்டைக்குள் திணித்தார். என் புடவையில் ஐந்து பச்சை விரல் ஒட்டியது, போகவே இல்லை.

எல்லாரையும் கொண்டு வந்தவர் தன் கையை மட்டும் நீட்டவே மாட்டார். அக்காவுக்குக் கால் எடுத்த நாளிலிருந்து அப்படித்தான். டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, அதைத் தெரிந்துகொண்டுதானே அவளைக் கெடுத்தேன் என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் சரோஜா அக்கா போய்விட்டார். மற்றக் காலிலும் புண் ஏறி, காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் முடிந்தது. காரியம் முடிந்தும் அண்ணன் ரொம்ப நாள் வெளியே வரவில்லை. தெருவில் கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. ஆனாலும் புதன்கிழமை ஜனங்கள் தாங்களாகவே வந்தார்கள், தனித்தனியாக.

அப்படி ஒரு புதன்கிழமை, வரிசையின் கடைசியில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சாயம் போடவில்லை போலிருக்கிறது, கையில் ஒரு நிறமும் இல்லை. வெறும் கை, சுருங்கி, வெளிறிப்போய் இருந்தது. கூப்பிட்டதும் உள்ளே வந்து, தானாகவே கையை நீட்டினார். காற்று ஏறும்போது கண்ணை மூடவில்லை.

டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, நார்மல் என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லைச் சொல்வதற்கே அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது. அண்ணன் பழைய வழக்கப்படி எழுந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

"இப்போதாம்மா சரி. ஊட்ல எல்லாரையும் பார்த்தாச்சு," என்றார்.

அந்தப் பச்சை விரல்கள் பதிந்த புடவையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பெட்டியில்தான் இருக்கிறது.