நான் வெளிநாட்டுக்காரனான காலை

படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பேசத் தெரியாததால்தான் எழுதுகிறேன். அது எந்த அளவுக்கு என்று கீழே தெரியும்.

மலேசியாவில் எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் எனக்குக் கூச்சக்காரன் என்று பெயர். ரொட்டி சானாய்க் கடையில் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்க வெட்கப்பட்டு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வருவேன். என் மனைவி செல்வி திண்டுக்கல்காரி. கல்யாணமாகி வந்த இரண்டே வருடத்தில், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் மலாய் கற்றுக்கொண்டு, சந்தையில் மீன்காரரோடு மல்லுக்கட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். (நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.)

அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, அரசாங்கக் குடும்ப உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கப் போனோம். ஜோடியில் ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்றால் இருவரும் நேரில் வரவேண்டுமாம். அன்றுதான் கடைசி நாள். விட்டால் பிள்ளை பிறக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி. செல்வி அவரிடம் “பசியாறிட்டீங்களா” என்பதில் தொடங்கி மலாயில் வெளுத்து வாங்கினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல, மெதுவாக, சத்தமாக மலாயில், அண்ணன் என்று கூப்பிட்டுக் கேட்டார்:

“அபாங்... மலேசியா... பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு” என்றேன். (பிறந்த நாடு, பிடிக்காமலா?)

“நாசி லெமாக் சாப்பிடுவீங்களா?”

தலையாட்டினேன்.

“கெட்டிக்காரர்” என்று செல்வியிடம் பாராட்டினார். “இங்க வந்து நாளாச்சா?”

“ரொம்ப வருஷமா இங்கதான் இருக்காரு” என்றாள் செல்வி.

“சரி அபாங், பாஸ்போர்ட் கொடுங்க.”

“இல்ல” என்றேன்.

அதிகாரியின் முகம் மாறியது. “பாஸ்போர்ட் இல்லாமலா இருக்கீங்க? அப்போ மனுவை வாங்க முடியாது.” வாசலில் நின்ற காவலரை வேறு ஒரு பார்வை பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்வியைப் பார்த்தேன். அவள் கூரையில் சுற்றும் காற்றாடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

நான் இந்த நாட்டுக்காரன் என்று சொல்லவேண்டும். ஆனால் பயமில்லாமல் எனக்கு மலாயில் வருவது ஒன்றே ஒன்றுதான். வலது கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலையில் வரிசையாக நின்று சொல்வோமே, ருக்குன் நெகாரா, நாட்டின் ஐந்து கோட்பாடுகளைச் சொல்லும் உறுதிமொழி, அதை முதல் வரியிலிருந்து முழங்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது கோட்பாட்டுக்கு வரும்போது பின்னால் இன்னொரு குரல் கேட்டது. நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்த சீன அங்கிள் ஒருவர் கையைத் தூக்கிச் சேர்ந்துகொண்டார். பிறகு கைக்குழந்தைக்காரி. பிறகு வரிசை முழுக்க. பழக்கதோஷம். காவலர் விறைத்து நின்றார். ஐந்தாவது கோட்பாட்டில் அதிகாரியே எழுந்துவிட்டார்.

முடிந்ததும் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அபாங், ஐசி இருக்கா?”

அடையாள அட்டை இருந்தது. சட்டைப் பையில்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

“நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?” என்று காரில் கேட்டேன்.

“எப்பதான் வாயத் திறப்பீங்கன்னு பாத்தேங்க. பிரசவ வார்டுல நான் கத்திக்கிட்டு கெடக்கும்போது நீங்கதான பேசணும்? ஆனா கையத் தூக்குவீங்கன்னு சத்தியமா நெனக்கல.”

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ரொட்டிக் கடையில் நான் குழம்பு கேட்கத் தயங்கினால் போதும், அம்மாவும் மகளும் சேர்ந்து வலது கையைத் தூக்குகிறார்கள். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கடைக்காரர் ஓடி வருகிறார். குழம்பும் வந்துவிடுகிறது.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் வேலைக்குப் போனேன். வழக்கம்போல யாரோடும் பேசவில்லை.