காசிநாதன் அப்பவே சொன்னார்

தொழில் படுத்துவிட்டால் முதலில் வீட்டுக்கு வருபவர் கடன் கொடுத்தவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் மெதுவாகத்தான் வருவார். அவருக்கு ஏறி இறங்க வேறு வீடுகளும் இருக்கின்றன. முதலில் வருபவர் ‘அப்பவே சொன்னவர்’.

தமிழ்நாடு முழுக்கப் பரவலாகக் காணப்படும் இனம் இது. செங்கல்பட்டுப் பக்கம் கொஞ்சம் அடர்த்தி அதிகம். துவைத்த வேட்டி, கக்கத்தில் மடித்த செய்தித்தாள், முகத்தில் சாவு வீட்டுக்கு உரிய அமைதி. செருப்பைச் சத்தம் வராமல் கழற்றுவார். காபி வரும்வரை வாய் திறக்கமாட்டார். பாதி காபி உள்ளே போனதும் ஒரு பெருமூச்சு விடுவார், உங்கள் வீட்டுச் சுவரையும் மின்விசிறியையும் ஒருமுறை பார்ப்பார், பிறகு அந்த வாக்கியத்தை உங்கள் முன் இறக்கி வைப்பார்: “நான் அப்பவே சொன்னேன்.” எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கேட்காதீர்கள். கேட்டால், “நீ காதுல வாங்கியிருக்க மாட்டே” என்பார். அதுவும் உங்கள் தப்பாகிவிடும்.

இந்த இனத்தில் பழுதில்லாத ஓர் உருப்படி திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறது. பெயர் காசிநாதன். செங்கல்பட்டு ரோட்டில் நெடுங்காலம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். “அண்ணாத்த, எந்தப் பைப்பு நல்லா உழைக்கும்?” “அண்ணாத்த, இந்தத் தாழ்ப்பா மழைக்குத் தாங்குமா?” என்று ஊரே அவரிடம் யோசனை கேட்டது. வயதாகி, கடையை வாடகைக்கு விட்டு வீட்டில் உட்கார்ந்த மறுவாரத்திலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மனைவி சாரதாம்பாள் மட்டும் சில நாள் “குழம்புக்கு உப்பு போதுமா?” என்று கேட்பாள். அதற்கும் பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள்.

அப்படி இருந்தபோதுதான் தொழில் மந்தம் வந்தது. சிறுசேரியில் சில கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆளைக் குறைத்தன. ஆள் குறைந்ததும் அவர்களை ஏற்றிப்போன வேன்கள் நின்றன. வேன் நின்றதும் டிரைவர்கள் வீட்டில் குந்தினார்கள். விடுதி அறைகள் காலியாயின, அறைக்கு இட்லி கொடுத்தவள், இட்லிக்கு மாவு கொடுத்தவன், மாவு மிஷினைப் பழுது பார்த்தவன் என்று அது ஒவ்வொரு படியாக இறங்கி, மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து இறால் வறுவல் சாப்பிடும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, திருக்கழுக்குன்றத்துக்குள் நுழைந்தது. கல்யாணங்கள் பெரிய மண்டபத்திலிருந்து சின்ன மண்டபத்துக்கு வந்தன. பிள்ளைகள் கான்வென்ட் டையைக் கழற்றிவிட்டு அரசுப் பள்ளிக்கு நடந்தார்கள். சின்னையன் டீக்கடையில் வடையின் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு மரியாதைக்காக அதைச் சுற்றிக் கொஞ்சம் வடை இருந்தது.

ஊர் வாடியது. காசிநாதன் துளிர்த்தார். காலை நாஸ்தாவை முடித்துக்கொண்டு கிளம்பினால், எந்த வீட்டில் என்ன போயிற்றோ அந்த வீட்டில் இருப்பார். லோன் போட்டு ஆட்டோ வாங்கியவனிடம் அப்பவே சொன்னார். பியூட்டி பார்லர் வைத்தவளிடம் அப்பவே சொன்னார். மாலையில் வீடு திரும்பும்போது அவர் நடையில் பழைய கடைக்காரரின் மிடுக்கு இருந்தது.

அவர் பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னதாகவே அவர் உண்மையில் நம்பினார். மனதுக்குள் சொன்னதும் சொன்னதுதானே?

ஜோதிலட்சுமி விஷயத்தில்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதே தெருவில் இருக்கும் அந்தப் பெண் சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் டிபன் கடை போட்டிருந்தாள். திறப்பு விழாவில் முதல் இட்லியைச் சாப்பிட்டவர் காசிநாதன்தான். சட்னி ஒழுகும் கையோடு, “இது கடை இல்லம்மா, தங்கச் சுரங்கம்” என்று ஆசீர்வதித்தார். கம்பெனி அந்த வாசலையே மூடியபிறகு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்த அன்று, செருப்பு மெல்லக் கழன்றது. காபி வந்தது. பாதி காபி போனது.

“கம்பெனி வாசல்ல கடை போடாதன்னு நான் அப்பவே சொன்னேன்.”

ஜோதிலட்சுமி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவர் போனபிறகு டம்ளரைக் கழுவப் போனவள், குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். கடை போனதற்கு அவள் அப்படி அழவில்லை.

அன்று தெரு ஒரு முடிவுக்கு வந்தது. கூட்டம் போடவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. இனி எந்தக் கஷ்டம் வந்தாலும் காசிநாதனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது தானாகவே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எதிர்வீட்டு ராமதாசுக்கு ஒரு வேன். சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். ஒப்பந்தம் போனதும் வேனை ரைஸ் மில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். காலையில் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு காசிநாதன் பார்க்கும்படி கிளம்பி, மில்லுக்குப் போய் வேனுக்குள் படுத்துத் தூங்கினார்.

மூன்றாவது வீட்டு ஹெலன் சிறுசேரியில் பெண்கள் விடுதி நடத்தினாள். நிறைந்திருந்த இரண்டு மாடியில் மூன்றே பெண்கள் மிஞ்சினார்கள். விடுதிக்கு அடுத்த தெருவில் சாரதாம்பாளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மனை ஒன்று உண்டு. காசிநாதன் அவ்வப்போது போய் அதில் முளைத்த முள்ளைத் திட்டிவிட்டு வருவார். அவர் வரும் நாள் தெரிந்தால் ஹெலன் எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுவிடுவாள். ஒருமுறை தன் புடவைகளையும் எடுத்துப்போய் மாடிக் கொடிகளில் காயப்போட்டாள்.

கடைசியாக, காசிநாதனின் மகன் கார்த்தி. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அந்த வேலையும் போய்விட்டது. போன அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டான். சமையல் படிக்கிறேன் என்று ஒரு காலத்தில் அடம்பிடித்தவனைக் கம்ப்யூட்டர் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் காசிநாதன்.

“அப்பா திட்டினாக்கூட தாங்கிப்பேன்மா. அந்த ஒரு வார்த்தைய என்னால தாங்க முடியாது” என்றான்.

சாரதாம்பாள் வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்தாள். அவன் கழுத்தில் பழைய கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, செங்கல்பட்டில் ஒரு கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்தான்.

இப்போது காசிநாதனின் நிலையை யோசித்துப் பாருங்கள். போகிற வீட்டிலெல்லாம் நல்ல செய்தி.

“வண்டி எப்டிப்பா ஓடுது?”

“ரெஸ்ட்டே இல்ல அண்ணாத்த. பேஜாரா கீது.”

“ஹெலனு, ஹாஸ்டலு?”

“ரூம் கேட்டு வந்துகினே கீறாங்கண்ணே. இடந்தான் இல்ல.”

துக்கம் விசாரிக்க ஆளில்லாமல் மனிதர் இளைத்துப்போனார். செய்தித்தாள் மட்டும் மந்தம் மந்தம் என்று எழுதியது. பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்? கண்ணெதிரே ராமதாஸ் வண்டி ஓட்டக் கிளம்புகிறார், விடுதி ஜொலிக்கிறது, மகன் ஒருநாள்கூட லீவு போடாமல் வேலைக்குப் போகிறான். ஒரு மாலை சின்னையன் கடையில் காசிநாதன் அறிவித்தார்: “எல்லாம் நிமிந்துடுச்சி. நிமிரும்னு நான் அப்பவே சொன்னேன்.”

கடையிலிருந்த எல்லோரும் டீயைப் பார்த்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் இதை உங்களிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. காசிநாதன் வீட்டுக்குப் போய், குடியிருக்கும் வீட்டை பேங்கில் அடமானம் வைத்து, சிறுசேரி மனையில் பெண்கள் விடுதி கட்டப்போவதாகச் சொன்னார். மொத்த மாவட்டத்திலும் அந்த ஆண்டு விடுதி கட்ட ஆசைப்பட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். சாரதாம்பாள் தடுத்தாள்.

“இப்ப இன்னாத்துக்குங்க இதெல்லாம்? கொஞ்ச நாள் போவட்டுமே.”

“உனக்கு இன்னா தெரியும்? ஹெலன் கிட்ட ரூம் இல்லாம பொண்ணுங்க திரும்பிப் போவுதுங்க.”

சாரதாம்பாள் ஹெலனிடம் ஓடினாள். ஹெலன் ராமதாசிடம் ஓடினாள். யார் முதலில் உண்மையைச் சொல்வது? சொல்பவர் அந்த வாக்கியத்தை முதலில் வாங்கவேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் அஸ்திவாரம் தோண்டும் கடக்கால் பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பூஜை முடிந்த கையோடு பேங்கில் கையெழுத்து.

அந்தக் காலையில், தெருவையே மனைக்குக் கூட்டிப்போக ராமதாசின் வேனைத்தான் கேட்டிருந்தார் காசிநாதன். முந்தின இரவு அவர் தூங்கியபிறகு, காலையில் எப்படியாவது கிளம்பிவிடும் என்று நம்பி, நாலு பேர் சேர்ந்து அதை மில்லிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் ஏறினார்கள். காசிநாதன் முன் சீட்டில் மாலையும் கையுமாக உட்கார்ந்தார். பின்னால் சாரதாம்பாள் மடியில் பொங்கல் தூக்கு. அவளுக்குப் பக்கத்தில், பூஜைக்கென்று லீவு போட்டதாகச் சொன்ன கார்த்தி. ராமதாஸ் சாவியைத் திருப்பினார். வேன் இருமியது. மறுபடி திருப்பினார். இருமக்கூட இல்லை.

“இன்னாப்பா?”

“பேட்டரி டவுனு அண்ணாத்த. சும்மாவே நின்னுகினு இருந்தா இப்டித்தான்…”

ராமதாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சும்மா நின்னுதா? நீதான் ரெஸ்ட்டே இல்லன்னியே?”

 ராமதாஸ் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “வண்டி ஓடல அண்ணாத்த. காண்ட்ராக்டு பூட்ச்சி. மில்லாண்ட நிறுத்தி வெச்சிகினு உள்ள தூங்கிகினு இருந்தேன். நீ வூட்ட வெச்சி கட்டாத.”

காசிநாதன் திரும்பி ஹெலனைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“விளக்கு நாந்தாண்ணே போட்டேன். ரூமெல்லாம் காலி. கொடியில தொங்கினது என் புடவ.”

“எல்லா ரூமுமா?”

“மூணு பொண்ணுங்க கீது. அதுல ஒண்ணு காலி பண்றேன்னு சொல்லிகினு கீது.”

வேனுக்குள் புழுக்கம் ஏறியது. இன்னும் ஒன்று பாக்கி இருப்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கார்த்தி சீட்டின் நுனிக்கு வந்தான்.

“அப்பா, எனக்கும் வேலை போயிடுச்சு. மூணு மாசம் ஆவப்போவுது. செங்கல்பட்டுல கூரியர் ஆபீசுல இருக்கேன்.”

காசிநாதனின் வாய் திறந்தது. ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். சாரதாம்பாள் தூக்கின் மூடியை இறுக்கிப் பிடித்தாள். வரப்போவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பெருமூச்சு வந்தாகிவிட்டது, வேனின் கூரையையும் ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

“மத்தியானம் எங்க குந்தி சாப்புடுற?” என்று கேட்டார்.

கார்த்திக்குப் புரியவில்லை. “ஆபீசுக்குப் பின்னாடிப்பா. ஒரு மரம் கீது.”

“வெயில் வராதா?”

“கொஞ்சம் வரும்.”

காசிநாதன் மாலையை டாஷ்போர்டின்மேல் வைத்தார். கையில் ஒட்டியிருந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். யாரைப் பார்த்தும் இல்லாமல், “ஏன்டா எங்கிட்ட அப்பவே சொல்லல?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

“சொன்னா நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்ங்க” என்றாள் சாரதாம்பாள். கோபமே இல்லை அவள் குரலில். உப்பு போதுமா என்று கேட்கும் அதே குரல்.

மனையில் காத்திருந்த ஐயருக்குப் போன் போயிற்று. பொங்கலை வேனிலேயே பிரித்து வாழையிலைத் துண்டுகளில் சாப்பிட்டார்கள். பிறகு வேனைத் தள்ள வேண்டியிருந்தது. மில்லுக்கா என்று யாரோ கேட்டார்கள். “எதுக்கு மில்லுக்கு? அவன் வூட்டு வாசல்லயே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காசிநாதனும் தள்ளினார்.

வீடு தப்பித்தது. மறுவாரம் அவர் ஜோதிலட்சுமி வீட்டுக்குப் போனார். காபி வந்தது. முழுவதும் குடித்தார். எதுவுமே பேசாமல் எழுந்து, “வரேம்மா” என்று கிளம்பினார். அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, ஜோதிலட்சுமி சாரதாம்பாளுக்குப் போன் செய்து விசாரித்தாள்.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ராமதாசுக்குப் பள்ளிக்கூடச் சவாரி கொஞ்சம் கிடைத்தது. ஹெலன் ஒரு மாடியைக் கைவிட்டாள். கார்த்தி பார்சல்தான் பிரிக்கிறான், அட்டை மாட்டுவதில்லை. மழைக்காலம் முடிந்த ஒரு மாலை, சின்னையன் கடையில் யாரோ, திருப்போரூர்ப் பக்கம் ஒருவன் கடன் வாங்கி விடுதி கட்டி மாட்டிக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காசிநாதன் செய்தித்தாளை மடித்தார்.

“இந்த நேரத்துல எவனாவது ஹாஸ்டல் கட்டுவானா? எங்க வூட்லகூட ஒரு பேச்சு வந்துது. வேணாம்னு நான்…”

எதிர் பெஞ்சில் ராமதாஸ் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. வாக்கியம் பாதியில் நின்றது. சின்னையன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

ராமதாஸ் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். “ஆமா அண்ணாத்த,” என்றார். “நீ அப்பவே சொன்ன.”

இவர் இப்படித்தான், மாறமாட்டார் என்று உங்களுக்குப் பாதியிலேயே தெரிந்திருக்கும். தெரிந்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதை இப்போதே யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருக்கிறதே, அதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.