நாலு செல்வராசு

மந்தாரக்குப்பத்தில் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மறுத்த ஒரே ஆள் எங்கள் டோக்கன் சார்தான். சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆபீஸில் எனக்கு மேலே இருந்தார். டோக்கன் என்பது ஆட்களின் கேட் பாஸ் எண். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்களிடமே, "டோக்கனையும் சேர்த்துச் சொல்லுங்க சாமி, இந்தப் பேர்ல ஆயிரம் பேரு இருக்கான், பலன் எவனுக்காவது போயிடும்" என்றவர். அவரோடு தினம் எட்டு மணி நேரம் குப்பை கொட்டினேன்.

எங்களிடம் தலை வால் தெரியாத ஒரு எக்செல் சீட் இருந்தது. ஒரே ஆளின் ஊரும் சேர்ந்த தேதியும் மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும். பர்மனென்ட் ஆவதற்கான சீனியாரிட்டி லிஸ்ட்டை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"ரெண்டா பிரிச்சிடும்மா. ஆள் விவரம் ஒண்ணு, சேர்ந்த தேதி ஒண்ணு. ரெண்டுலயும் டோக்கன் இருக்கணும். டோக்கனச் சொன்னா ஒரே ஆளு. பேரச் சொன்னா?"

"பல பேரு வருவாங்க சார்."

அன்றைக்கு இதைப் பதினோராவது முறையாகச் சொன்னேன். சொன்னேனே தவிர, அலுப்பில் தேதி சீட்டில் பெயரை மட்டும் வைத்து டோக்கனைத் தூக்கிவிட்டேன். பழைய சீட்டையும் அழித்தாயிற்று.

லிஸ்ட்டுக்காகப் பெயரை வைத்து இரண்டையும் சேர்த்தபோது, இரண்டு செல்வராசு நாலு செல்வராசு ஆனார்கள். ஆளுக்கு இரண்டு தேதி. நான் மகா கெட்டிக்காரி, "ரிப்பீட்" என்று இரண்டு வரிகளை அழித்து லிஸ்ட்டை போர்டில் ஒட்டினேன்.

மறுநாள் முத்தாண்டிக்குப்பம் செல்வராசு வந்து நின்றார்.

"பத்தொம்போது வருசமா வேலைக்கு வந்துகினு இருக்கேம்மா. ரெண்டு வருசம்னு போட்டிருக்கீங்களே? இந்தத் தடவ வுட்டா எனக்கு வயசு தாண்டிடும்மா."

டோக்கனைத் தூக்கியதைச் சாரிடம் ஒப்புக்கொண்டேன். டோக்கன் சார் எழுந்து போனார். மூன்று நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்று, முதல் பாஸில் இருக்கும் தேதியை ஒவ்வொருவரிடமும் பார்த்து எழுதினார். அந்த இரைச்சலில் எண் யார் காதிலும் ஏறாததால், வேறு வழியின்றிப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். "முருகா" என்றால் பாதி வரிசை திரும்பியதாம்.

திருத்திய லிஸ்ட்டில் செல்வராசுக்குப் பத்தொன்பது வருஷமும் திரும்பி வந்தது. மேனேஜர் கத்தினார்: "டோக்கனத் தூக்குன முட்டாள் யாருய்யா?"

"நான்தாங்க" என்றார் சார். "வயசாயிடுச்சுங்க."

ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பலாம். மேனேஜர் அவரைக் கால் மணி நேரம் திட்டினார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து அழுதேன். அந்தக் கிறுக்கு மனுஷரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.