நெஞ்சில் ஏறிய முகம்

என் நெஞ்சின்மேல் இதுவரை ஏறியவை மூன்று. போலீஸ்காரனின் பூட்ஸ், ஆஸ்பத்திரிக் குழாய், என் மனைவி ஃபெலிசாவின் ஆள்காட்டி விரல். அரசியல்வாதியின் முகம் மட்டும் ஏறியதில்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு வருடமாக அதில் உறுதியாக இருந்தேன். இந்த மணிலாவில் அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னும் நாலைந்து பேர் இருக்கலாம். எல்லோரும் படுக்கையில் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஃபெலிசா அந்த ஆரஞ்சுச் சட்டையை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தொந்தோ பகுதி முதியோர் சங்கத்துக்கு ஃபெலிசா தலைவி. கவுன்சிலர் மொந்தேசில்வா இலவச பஸ் கொடுக்கிறார். வழிகாட்டியோடு ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்க்கலாம், சாப்பாடும் உண்டு. பிறந்ததிலிருந்து இருக்கிற ஊரை எங்களுக்கே சுற்றிக் காட்டுகிறார்கள். அதற்குக் கட்டணம் இந்தச் சட்டை. மார்பு முழுக்கக் கவுன்சிலரின் முகம், முகம் முழுக்கப் பல்.

"நான் வரல" என்றேன்.

"வராதீங்க தோழரே" என்றாள். கோபம் வந்தால் அவள் என்னைத் தோழர் என்பாள். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து தோழர்தான். "நாப்பது பேர் போறோம். நீங்க வீட்டுல இருந்து பூனைக்குப் பிரசங்கம் பண்ணுங்க."

நாற்பது பேர் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கடைசியாக நான் பேசிய கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

அன்றிரவே திட்டம் உருவாகிவிட்டது. எங்கள் பழைய சுருட்டுத் தொழிற்சாலையின் வாசல் மதியச் சாப்பாடு போடும் சந்தைக்குப் பக்கம்தான். ராணுவச் சட்டக் காலத்தில் தொண்ணூறு நாள் வேலைநிறுத்தம் செய்து அந்த வாசலில் உட்கார்ந்திருந்தோம். தொண்ணூற்றோராம் நாள் தடியடியில் என் நண்பன் செல்சோ அங்கேயே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் எழுதிய துண்டுப்பிரசுரங்களில் இருந்தது. அவற்றைக் கரையான் படித்துவிட்டது. நானும் போய்விட்டால் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. சாப்பாடு முடிந்ததும் நாற்பது பேரையும் அங்கே கடத்திக்கொண்டு போய், அவன் விழுந்த இடத்தில் நின்று அவன் பெயரைச் சொல்வது. இதுதான் திட்டம்.

"வரேன். ஆனா சட்டைய உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பித்தான் போடுவேன்."

"சரி."

ஃபெலிசா உடனே சரி என்றால் நான் பயப்பட வேண்டும். அன்று என்னவோ பயப்படவில்லை.

காலையில் பஸ் ஏறும்போது வழிகாட்டி நார்சிசோ ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தான். கவுன்சிலர் அலுவலகத்து ஆள். ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் கேமரா. நோட்டீஸை நான் படிக்கவில்லை. ஆளும் வர்க்கத்தின் காகிதத்தை மடித்து விசிறியாக்கிக்கொண்டேன்.

"தாத்தா, சட்டைய மாத்திப் போட்டிருக்கீங்க."

"தெரியும்."

"முகம் தெரியலயே தாத்தா."

"அதுக்குத்தான்."

கோட்டை மதிலுக்குப் போனோம். நார்சிசோ ஆளுநர்களின் பெயரை வரிசையாகச் சொன்னான். "கல்லு சுமந்தவன் பேரு?" என்று பின்னாலிருந்து கேட்டேன். பூங்காவில் சிலையைக் காட்டினான். "சிலைக்கு வெயில்ல நின்னு பழக்கம், எங்களுக்கு இல்ல" என்றாள் பாசியா. எங்கள் அடுத்த வீட்டுக்காரி, அகலமானவள். ஒவ்வொரு இடத்திலும் நார்சிசோ கேமராவைத் தூக்குவான். நான் பாசியாவுக்குப் பின்னால் போய்விடுவேன். பாசியாவுக்குப் பின்னால் ஒரு கட்சியே தலைமறைவாக இருக்கலாம்.

"நாப்பத்தொரு முகமும் வந்தாத்தான் படம்னு மேல சொல்லிட்டாங்க" என்று அவன் ஃபெலிசாவிடம் புலம்புவது கேட்டது.

"வரும் தம்பி. பொறுத்துக்கோ" என்றாள்.

சாப்பாடு முடிந்தது. வேகாத சோறு, எலும்பில் கொஞ்சம் கோழி. நான் பெஞ்சில் ஏறி நின்றேன். முழங்கால் முனகியது.

"நண்பர்களே, இவ்வளவு நேரம் பாத்தது பொய் மணிலா. நிஜ மணிலா இங்கிருந்து பத்து நிமிஷ நடை. என் பின்னால வாங்க."

யாரும் அசையவில்லை. ஒருவர் பல் குத்தினார்.

"போலாம் வாங்க" என்றாள் ஃபெலிசா. நாற்பது பேரும் எழுந்தார்கள். நார்சிசோ கேமராவோடு பின்னால் வந்தான்.

இடப்பக்கம் திரும்பினேன். அங்கே இருந்த அச்சகம் இல்லை, மேம்பாலத்தின் கால் இருந்தது. வலப்பக்கம் திரும்பினேன். மரக்கிடங்கு இல்லை, இருபது மாடிக் கட்டிடம் இருந்தது. சர்க்கரைப் பாகில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கடந்தோம். சற்று நேரத்தில் அவளை மறுபடியும் கடந்தோம். மூன்றாம் முறை அவளே கேட்டாள்: "ஏதாவது வாங்கத்தான் வர்றீங்களா, இல்ல சும்மா சுத்துறீங்களா?"

பாசியா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "குதிரைத் தலைப் பேய் நம்மள இழுத்தடிக்குது. வழி காட்டுறவர் சட்டையத் திருப்பிப் போடணும். எங்கம்மா அப்படித்தான் காட்டுல தப்பிச்சா."

"ஆமாமா" என்றன பல குரல்கள். வழி தவறினால் சட்டையைத் திருப்பிப் போட்டால் பேய் குழம்பி விட்டுவிடும். இந்த ஊரில் படித்தவனும் ரகசியமாகச் செய்கிற காரியம்.

"நான் பேயை நம்புறவன் இல்ல" என்றேன். "நகரத் திட்டமிடல்ல முதலாளித்துவம் பண்ணின..."

"அண்ணே, எனக்குக் கண்ண இருட்டுது" என்றாள் பாசியா.

"தோழரே," என்று ஃபெலிசா மெதுவாகச் சொன்னாள், "போன மாசம் மருந்துக் கடைக்குப் போயிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தீங்க. நான் யாருகிட்டயும் சொல்லல."

கூட்டம் கலையப் போகிற நேரம் எனக்குத் தெரியும். முதலில் கால்கள் திரும்பும், பிறகு தோள்கள் திரும்பும். இருபது பேரின் கால்கள் பஸ் எங்கே என்று திரும்பிவிட்டன. செல்சோவின் பெயரை மறுபடியும் பூனையிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டையைக் கழற்றினேன். நடுத்தெருவில் என் விலா எலும்புகளை எண்ணிக்கொள்ள எல்லோருக்கும் அவகாசம் இருந்தது. திருப்பிப் போட்டேன். ஏற்கெனவே திருப்பிப் போட்ட சட்டை அது. கவுன்சிலர் என் நெஞ்சில் இருந்து பல்லைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் ஒரு தடவ போய்ப் பாருங்களேன்" என்று ஃபெலிசா என் முழங்கையைத் தொட்டாள்.

இருபது அடி. ஒரு சந்து. சந்து முடிவில் கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் தனியாக ஒரு செங்கல் தூண். எங்கள் வாசல்.

ஒரு மணி நேரப் பேச்சு தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். "செல்சோ" என்று மட்டும் வந்தது.

ஃபெலிசா பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துத் தூணின் அடியில் ஏற்றினாள். அங்கே ஏற்கெனவே மெழுகு உறைந்து ஒரு கை உயரத்துக்குக் கட்டியாக இருந்தது. ஒரு வருடத்து மெழுகு இல்லை.

"இது யாரு ஏத்துறா?"

"நீங்க மேடை மேல இருக்கும்போது யாரோ ஒருத்தி ஏத்துறா."

"அப்போ உனக்கு வழி தெரியும்."

"தொண்ணூறு நாள் உங்க ரெண்டு பேருக்கும் இங்க சோறு கொண்டாந்தது யாரு?"

"தெரிஞ்சுகிட்டே மூணு தடவ சுத்த விட்டியா?"

"சட்டை திரும்பணுமே."

அப்போது கேமரா சொடுக்கியது. நாற்பத்தொரு முகம். நடுவில் நான், நனைந்த கண்ணோடு.

சந்தின் மறுமுனையில் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும், ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபெலிசா என் கையிலிருந்த விசிறியை வாங்கிப் பிரித்துக் காட்டினாள். நான்காவது இடம்: பழைய சுருட்டுத் தொழிற்சாலை வாசல், இரண்டு மணி.

"பஸ்ஸ இங்க நிறுத்தச் சொல்லி பத்து நாளா நார்சிசோகிட்ட நடையா நடந்தேன். ஒத்துகிட்டான். எல்லா முகமும் படத்துல வரணும்னு ஒரே ஒரு நிபந்தனை. நீங்கதான் எந்த நோட்டீசயும் படிக்க மாட்டீங்களே."

பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பாசியா மட்டும் "அந்த செல்சோ எப்படிப்பட்ட ஆளு அண்ணே?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துத் தேர்தல் நோட்டீஸ் வந்தது. முதல் பக்கத்தில் அந்தப் படம். கீழே, 'தொழிலாளர் தியாகத்தை மறவாத மொந்தேசில்வா.' ஃபெலிசா வீடு வீடாகக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று வைத்தாள். இந்த முறை கடைசி வரி வரை படித்தேன். வேலைநிறுத்தம் நடந்த வருடம் தப்பு. செல்சோவின் பெயர் இல்லவே இல்லை.

"அவன் பேரு இல்ல" என்றேன்.

"எழுதிக் குடுங்க தோழரே. அடுத்த அச்சு பத்தாயிரம் பிரதியாம். சேத்துக்கறேன்னு நார்சிசோ சொல்லியிருக்கான்."

என் வாழ்நாளில் நான் எழுதிய எதுவும் ஐந்நூறுக்கு மேல் அச்சானதில்லை. கவுன்சிலருக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன்.