பிள்ளையார் சாய்ந்து உட்கார்ந்த நாற்காலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகத் தயங்கினேன். மாப்பிள்ளை மனசு நோகுமே என்றுதான். எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இல்லை.

அமெரிக்காவில், பிளசன்டனில் மகள் வீட்டு ஹாலில் ஒரு பழைய பிளைவுட் நாற்காலி. என் அப்பா காலத்தில் யாரோ பேர்போனவர் செய்ததாம்; மாப்பிள்ளை பெரிய விலை கொடுத்து வாங்கியது. மெல்லிய பலகைகளை ஒட்டி, அழுத்தி, பொரித்த அப்பளம்போல வளைத்திருந்தார்கள். அதில் யாரும் உட்காரக்கூடாது. தனி விளக்கு வேறு. ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து எடுத்துப்போக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு ஒரு மாதமாக இதே பேச்சு.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. இருவரும் ஆபீஸ் போய்விட்டார்கள். களிமண் பிசைந்து, தொந்தியும் தொடையுமாக நானே பிள்ளையார் செய்தேன். (பார்க்க பூசணிக்காய் மாதிரிதான் இருந்தார். பக்தி குறையில்லை.) எங்கே வைப்பது? ஆள் உட்காராத ஆசனம், தனி விளக்கு! வாழையிலை போட்டேன், சரிவில் பிள்ளையாரோடு வழுக்கியது. இலையை உருவிவிட்டேன். ஜம்மென்று சாய்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை அலறினார். "மாமா! எறக்குங்க மாமா, ப்ளீஸ்!"

"பூஜை பண்ணியாச்சு மாப்ளே. காலைல புனர்பூஜை பண்ணி வடக்கால நகத்தினாத்தான் எந்திரிப்பார்."

"அப்பா, ஈரக் களிமண்ணுப்பா!" என்றாள் மகள்.

"பின்ன, பிளாஸ்டிக்லயா பண்ணுவாங்க?"

காலையில் கற்பூரம் காட்டும்போதே அந்த அம்மாள் வந்துவிட்டார். பயபக்தியோடு வடக்கே நகர்த்தினேன். பிள்ளையார் நகர்ந்தார். நாற்காலியின் மேல்தோலும் தோசை மாதிரி சர்ரென்று கூடவே வந்தது.

அந்த அம்மாள் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கண்காட்சிக்கு ஆகாதாம். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார்.

"இதச் செஞ்சவர் பாக்கறதுக்கா செஞ்சார், உக்கார்றதுக்கான்னு கேளும்மா," என்றேன் மகளிடம்.

"அப்பா, சும்மா இருங்க!"

"கேளு."

கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எல்லா வீட்லயும், எல்லாரும் உக்காரணும்னுதானாம்ப்பா."

"கேட்டுக்கிட்டீங்களா மாப்ளே?"

ஒரு வாரம் மாப்பிள்ளை என்னைக் கண்டதும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார். பிறகு ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர் அதில் பொத்தென்று விழுந்தார். "நல்லாத்தான் இருக்கு மாமா," என்றவர் அப்படியே தூங்கிப்போனார்.

இப்போது விருந்துக்கு யார் வந்தாலும் அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மாமா ஒரு கேலன் பாலை ஊற்றி அபிஷேகம் பண்ணினார் என்று கதை விடுகிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிள்ளையார் சாட்சியாக, ஒரு சொட்டுப் பால் ஊற்றவில்லை. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எழுதியபடியே சொல்லுங்கள்; பால் மட்டும் சேர்க்காதீர்கள்.